சந்தனப் பொட்டு வைத்த சி.டி.

ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது என்னவென்றால், புனே மாநகரம், ஔந்த் பகுதி, மூன்றாவது மாடியில் எங்களோடு வசித்துவந்த திருவாளர் சி.டி. அவர்கள், விஜயதசமியன்று காலை, இட்லி வேகும் நேரத்தில் காலமானார். நூறு ஆண்டு வாழ்வார் என்று உறுதி கூறப்பட்டவர், ஒரு மாதம்கூட நிறையாமல் போய்ச் சேர்ந்தார். அன்னாரின் உடல் தற்போது ஹாலில் கொசுவர்த்திச் சுருளுக்குக் கீழே சாம்பல் தட்டாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. மலர்வளையம் தேவையில்லை. பொட்டு வைக்கவே வேண்டாம், அதனால்தான் போனார்.

மகனே, திருதிருவென்று விழிக்காதே. நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அம்மா யார் என்பது எனக்கே தெரியாது, அவளுக்கும் தெரியாது, தெரிந்தால் ஊரை மாற்றிக்கொண்டு போயிருப்பாள். எனக்குப் பதினேழு வயது. ஊரில் உள்ள அப்பாக்கள் எல்லாம் தலை நரைத்த பிறகு மகனுக்குக் கடிதம் எழுதுகிறார்கள். அதற்குள் பாதி மறந்துபோகிறது, மீதியைத் தங்களுக்குச் சாதகமாகத் திருத்திவிடுகிறார்கள். நான் முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். தமிழில் எழுதுவது பாசத்தால் மட்டும் அல்ல. வகுப்பில் எழுதும்போது டீச்சர் பிடுங்கினாலும் படிக்க முடியாது. இது பகிரங்கக் கடிதம்தான், ஆனால் எங்கள் வகுப்பைப் பொறுத்தவரை பரம ரகசியம்.

முதலில் உன்மேல் எனக்குள்ள பொறாமையைச் சொல்லிவிடுகிறேன். உன்னை நீ பிறந்த நிமிடத்திலிருந்து படம் பிடிப்பார்கள். நீ தும்மினால் அதற்கொரு படம், துப்பினால் அதற்கொரு படம். என் நிலைமை கேள். உன் அத்தை, அதாவது என் அக்கா, என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவளுக்கு மூன்று ஆல்பம் இருக்கின்றன. அவள் குப்புறக் கவிழ்ந்தது, பல் முளைத்தது, அதே பல் விழுந்தது, எல்லாவற்றுக்கும் ஆதாரம் உண்டு. எனக்கு இருப்பது ஒரு தபால் கவருக்குள் அடங்கும் சில படங்கள். அவற்றில் ஒன்றில் நான் வெறும் முழங்கை. "அது நீதாம்ல, முழங்கையைப் பார்த்தாலே தெரியும்லா" என்று அம்மா சாதிக்கிறாள். இன்னொன்றில் அக்கா கேக் வெட்டுகிறாள், பின்னால் மங்கலாக ஒரு பொட்டலம் தெரிகிறது. பொட்டலம் நான். மூத்தவளுக்குப் பதிவு, இளையவனுக்குப் பரிவு, இதுதான் எங்கள் வீட்டுப் பங்கீடு.

இதற்கெல்லாம் சிகரம் அந்த கேசட். அக்காவுக்கு ஐந்து வயதில், அப்பா ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கிய புதிதில், அவள் மயிலைப் பற்றி ஒரு பாட்டுப் பாட, அப்பா ஆபீஸ் குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லாம் கூடி உட்கார்ந்து கைதட்ட, அப்படியே பதிந்துவைத்தார்கள். என் பிள்ளைப் பருவம் முழுக்க, வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பிக்கு முன்னால் அந்த கேசட்தான். ஐந்து வயதுக் குரல் கீச்கீச்சென்று மயிலை அழைக்கும், பிறகு கைதட்டல் மழைபோலக் கொட்டும். வந்தவர்களும் சேர்ந்து தட்டுவார்கள். நான் மிக்சர் தட்டைத் தாங்கி நிற்பேன். மயிலே பறந்து வந்திருந்தால்கூட அந்தக் கூட்டத்தில் என்னைத்தான் நகரச் சொல்லியிருப்பார்கள். மகனே, எனக்கு அந்தப் பாட்டின்மேல் பொறாமை இல்லை. கைதட்டல்மேல்தான்.

இந்த வருடம் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அத்தானுக்கு ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நகர் ரோடு என்னும் நெடுஞ்சாலையில், எஸ்.டி. என்னும் அரசு பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும் ஊர். ஆனால் அம்மா அழுததைப் பார்த்தால் அக்கா கப்பலேறப் போகிறாள் என்று நினைப்பாய். அப்பா, பாதுகாப்புத் துறை ஆபீசில் கணக்கு பார்ப்பவர், அழமாட்டார், திட்டம் போடுவார். போட்டார். "ஏல, அந்தப் பாட்டு, ஆல்பம் எல்லாத்தையும் ஒரே சி.டி. தட்டுல ஏத்தி அவளுக்குக் குடுத்திரணும். கேசட்டு எத்தனை நாளைக்கித் தாங்கும்? கல்யாணத்துக்கு முந்தின நாள் எல்லாருக்கும் போட்டுக் காட்டணும்" என்றார். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன். ஆகவே என் எதிரியின் புகழை நூறாண்டு நிலைநிறுத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அப்பா கேட்டது நியாயம்தான். எங்கள் வீட்டில் எதுவும் தாங்குவதில்லை. சித்தி கல்யாண வீடியோ கேசட்டில் ஒரு மழைக்காலத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்தது. அம்மா அதைத் திறந்து, பால்கனியில் கூழ் வற்றலுக்குப் பக்கத்தில் வெயிலில் காயவைத்தாள். வற்றல் நன்றாக வந்தது. சித்தப்பா தாலி கட்டும் இடத்தில் மட்டும் டேப் சுருண்டுகொண்டது, இன்றுவரை அந்த வீடியோவில் அவர் கட்டவில்லை. ஒன்பதாம் வகுப்பில் என் புராஜெக்டை ஒரு ஃபிளாப்பியில் ஏற்றி, அப்பாவின் ஸ்கூட்டர் டிக்கியில் வைத்து எடுத்துப் போனேன். வீட்டில் திறந்தது, பள்ளியில் திறக்கவில்லை. வழியில் ஒரே ஒரு சிக்னல்தான். டீச்சர் அதை நம்பவில்லை, நான் அதுவரை சொல்லியிருந்த பொய்களெல்லாம் அதைவிட நம்பும்படி இருந்ததுதான் காரணம்.

ஆகவே இந்தமுறை உயர்ந்த சரக்காக வாங்க காசார்வாடிக்குப் போனேன். அங்கே ஒர்க்‌ஷாப்புகளுக்கு நடுவே காயல்பட்டினத்து பாய் ஒருவர் கேசட், பேட்டரி, ரிமோட் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். தமிழில் பேரம் பேசலாம் என்பதற்காகவே ஆற்றைத் தாண்டிப் போவோம்.

"இது தங்கக் கலர் தட்டு தம்பி. நூறு வருஷம் கியாரண்டி. நான் சொல்லல, அட்டையிலயே போட்டிருக்கான் பாருங்க."

"நூறு வருஷம் கழிச்சு ஓடலைன்னா பாய்?"

"நேரா கடைக்கு வாங்க. மாத்தித் தாரேன்."

சி.டி. என்று ஒன்று வந்தே என் அக்கா வயதுதான் ஆகிறது, நூறு வருடம் ஓடியதை யார் உட்கார்ந்து பார்த்தது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. திரும்பி வரும் வழியில் பாதி தூரத்தில் தோன்றியது. அதற்குள் பஸ் தாபோடி தாண்டிவிட்டது.

டேப் ரெக்கார்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயரை மாட்டி, கேசட்டை ஓடவிட்டு, கைதட்டல் வரை பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அதற்குமேல் பொறுக்கவில்லை. அதை ஓடவிட்டுவிட்டுக் கீழே கிரிக்கெட் ஆடப் போனேன். வந்து பார்த்தபோது கேசட் முடிந்து எல்லாம் ஏறியிருந்தது. ஆல்பம் படங்களையும் சேர்த்துத் தட்டில் எரித்தேன் (கம்ப்யூட்டர் பாஷையில் பதிவதற்கு அதுதான் பெயர்), ஒருமுறை போட்டுப் பார்த்தேன், பாடியது. கம்ப்யூட்டருக்குள் இருந்த பிரதியை அழித்தேன். புதுக் கார் பந்தய விளையாட்டு ஒன்றுக்கு இடம் வேண்டியிருந்தது. மகனே, இந்த வரிக்குக் கீழே நீயே ஒரு கோடு போட்டுக்கொள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பாட்டுதான் நூறு வருடத்துக்குத் தட்டில் பத்திரமாகிவிட்டதே, இனி இந்த கேசட் எதற்கு? அதில் பாட்டின் மேல் என் குரலைப் பதிந்தால் என்ன? பாட்டு அழியும், ஆனால் சரியான இடத்தில் நிறுத்திவிட்டால் கைதட்டல் மட்டும் அப்படியே இருக்கும். நான் பேசி முடிப்பேன், குவார்ட்டர்ஸே எழுந்து எனக்குத் தட்டும். நான் பிறப்பதற்கு முன்பே எனக்குத் தட்டிய கைகள்! அழித்து எழுதக் கூடாது என்று அப்பா கேசட்டின் முதுகிலிருந்த சின்ன பிளாஸ்டிக் பல்லை அன்றே உடைத்திருந்தார். அந்தப் பள்ளத்தில் செல்லோடேப் ஒட்டினால் மறுபடி பதியும் என்பது நம் வர்க்கத்துக்குத் தெரிந்த வித்தை. ஒட்டினேன். மைக்குக்கு முன்னால் தொண்டையைச் செருமினேன். "என் அருமை மகனே" என்று ஆரம்பித்தேன். ஆம், உனக்குத்தான். நான் எவ்வளவு பெரிய ஆள், என் லெக் ஸ்பின் எப்படித் திரும்பும், என் நக்கலுக்கு நகலே கிடையாது, இப்படியெல்லாம். பேசினேன், பேசினேன். என்னைப் பற்றிப் பேச இத்தனை விஷயம் இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. அப்பாவுக்கு அன்றைக்கு மட்டும் கை நிற்காது. ஸ்கூட்டர், மிக்சி, சுத்தியல், இஸ்திரிப் பெட்டி, மானிட்டர், எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் வைப்பார். நான் குளித்துவிட்டு வந்தபோது, புத்தகங்களுக்கு மேல் சி.டி. வீற்றிருந்தது, நடு ஓட்டையைச் சுற்றி மூன்று பொட்டுகளோடு, மூன்று கண் வைத்ததுபோல.

"அப்பா! அது சி.டி.!"

"தெரியும்ல. கீழ்ப் பக்கம் மினுங்குதது தொடக் கூடாதுன்னு நீதானே சொன்ன? நான் மேல, பேர் எழுதுத பக்கத்துலதான் வச்சேன்."

எடுக்கப் போனேன். அம்மா கையில் தட்டினாள். "என்னல செய்யுத? பூஜையில வச்சதை நாளைக்கி வரை தொடக் கூடாதுலா."

மறுநாள் காலை சந்தனம் ஓடுபோலக் காய்ந்து இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. ஈரத் துணியால் தேய்த்தேன். வந்தது, ஆனால் சந்தனம் மட்டும் வரவில்லை, அதோடு ஒட்டிக்கொண்டு அந்த மினுங்கும் படலமும் பொட்டளவுக்கு உரிந்து வந்தது. தட்டைத் தூக்கிப் பிடித்தால் உரிந்த இடத்தின் வழியாக அம்மா இட்லித் தட்டை இறக்குவது தெளிவாகத் தெரிந்தது. கம்ப்யூட்டரில் போட்டேன். உர்ரென்று சுற்றிப் பார்த்துவிட்டு, தட்டே இல்லை என்றது.

காசார்வாடிக்கு ஓடினேன். பாய் தட்டை வாங்கி டியூப்லைட்டில் காட்டிப் பார்த்தார். "எழுத்து கீழ இருக்குன்னு நினைச்சீங்களாக்கும்? மேல இந்தப் பூச்சுக்கு அடியிலதான் இருக்கு. உள்வட்டத்துலருந்துதான் மெஷின் படிக்கும், அங்கேயே உரிச்சிட்டீங்க."

"நூறு வருஷம்னீங்களே பாய்."

"சந்தனம் வச்சா நூறு வருஷம்னு எந்தக் கம்பெனியும் போடலையே தம்பி."

மாற்றித் தரவில்லை. ஆனால் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கேசட்டைப் போட்டேன். கைதட்டலாவது மிஞ்சியிருக்கும் என்ற நப்பாசை. என் குரல் வந்தது. லெக் ஸ்பின் வந்தது. நக்கல் வந்தது. தாங்க முடியாத அளவுக்கு நானே வந்தேன். பாட்டு போய், கைதட்டல் இருந்த இடமும் போய், அதையும் தாண்டி நான் அளந்துகொண்டே போயிருந்தேன். கடைசியில் ஒரு 'டக்'. பிறகு திடீரென்று இளவயது அப்பாவின் குரல், நான் முன்பு ஒருபோதும் கேட்டிராத இடம். வந்தவர்களுக்கு எப்போதும் கைதட்டலோடு நிறுத்திவிடுவார்கள், நானோ பிரதி எடுக்கும்போது கிரிக்கெட் ஆடப் போனவன்.

"...பிள்ளையார்ட்ட என்னட்டி கேட்ட?"

"சைக்கிள்." அக்காவின் அதே கீச்சுக் குரல்.

"அம்மா வயித்துல பாப்பா இருக்குல்லா. பாப்பா கேக்கலையா?"

"சைக்கிள் இல்லன்னா தம்பி."

"தங்கச்சின்னா?"

"வேண்டாம். தம்பி. சைக்கிள் வந்துட்டா தம்பியும் வேண்டாம்."

அம்மா சிரிக்கிற சத்தம். அதோடு முடிந்தது.

மகனே, நான் ஒரு சைக்கிளுக்குப் பதிலாக வந்தவன். இதைக் கேட்டுச் சிரிக்கத்தான் வேண்டும், நானும் முதலில் சிரித்தேன். பிறகு நினைவு வந்தது, ஏழாம் வகுப்பில் எனக்கு ஒரு சிவப்பு சைக்கிள் வாங்கித் தந்தார்கள். அக்காவுக்குக் கடைசிவரை வாங்கவில்லை, காலேஜுக்கும் பஸ்ஸில்தான் போனாள். எனக்கு பேலன்ஸ் வராத நாட்களில், தனக்கே ஓட்டத் தெரியாத அவள்தான் கேரியரைப் பிடித்துக்கொண்டு காலனி முழுக்கப் பின்னால் ஓடிவந்தாள். அவள் கேட்ட தம்பியும் சுமார் ரகம், அவள் கேட்ட சைக்கிளும் அந்தத் தம்பிக்கே. பொறாமைப்படும் உரிமை இந்த வீட்டில் யாருக்கு இருந்தது என்று நீயே சொல்.

இதற்கிடையில் அப்பா, போனது தன் சந்தனத்தால் மட்டும்தான் என்று நம்பிக்கொண்டிருந்தார். தட்டைச் சட்டைப் பையில் வைத்து ஆபீசுக்கு எடுத்துப் போய், கம்ப்யூட்டர் தெரிந்தவர்களிடமெல்லாம் காட்டிவிட்டு வந்தார். ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் குனிந்து வந்தார். அதைப் பார்க்கச் சகிக்காமல், செல்லோடேப் கதையைச் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து தட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். "அந்தக் கைதட்டுதான் வேணும்னா கேட்டிருக்கலாம்லா. நானும் அம்மையும் தட்டியிருப்போம்லா" என்றார். கன்னம் தப்பித்தது, மற்றதெல்லாம் எரிந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்தது. ஊருக்கே போட்டுக் காட்டும் திட்டம் சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. அக்கா உள்ளறையில் இரண்டு கைகளிலும் ஈர மருதாணியோடு உட்கார்ந்திருந்தாள். நான் டேப் ரெக்கார்டரை அவள் முன்னால் வைத்து, கேசட்டை ஓடவிட்டுக் கதவோரம் நின்றேன். என் குரல் ஆரம்பித்ததும் அவள் புருவம் ஏறியது.

"ஏல எரும, என் மயிலு எங்கல?"

"பறந்துட்டு."

"பூரா பாட்டுமா?"

"பாட்டு... கைதட்டலும்."

மருதாணி காயாததால் உயிர் பிழைத்தேன். அவள் என் லெக் ஸ்பின் பெருமையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்தப் பாட்டை எனக்குப் பிடிக்கவே பிடிக்காதுல" என்றாள் பிறகு. "வாற ஆளுக்கெல்லாம் போட்டுப் போட்டு மானத்தை வாங்கினாங்க." மருதாணியை ஊதிக்கொண்டே, "கைதட்டலையாவது விட்டிருக்கலாம்" என்றாள். அந்த 'டக்' வந்தது. சைக்கிள் வந்தது. அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள், கண்ணில் நீர் வர, துடைக்கக் கையில்லாமல், "ஏல, துடைச்சு விடுல" என்று முகத்தை நீட்டினாள். என் சட்டைக் கையால் துடைத்துவிட்டேன். மை சட்டையில் ஒட்டியது. இன்னும் போகவில்லை, அம்மா இரண்டு முறை சோப்புப் போட்டுவிட்டாள். பதிவு என்றால் அது பதிவு.

இப்போது அறிவுரை. எந்தத் தட்டு எத்தனை வருடம் தாங்கும் என்று அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதே. அட்டைக்கு நம் வீட்டைத் தெரியாது. அதற்குப் புனே மழை தெரியாது, அம்மாவின் பால்கனி தெரியாது, அப்பாவின் சந்தனம் தெரியாது, முக்கியமாக என்னைத் தெரியாது. கேசட் பதினேழு வருடம் தாங்கியது, காரணம் அது உறுதி என்பதல்ல, வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் கொண்டே இருந்தார்கள். ஓடினால்தான் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். புதிதாக ஒன்றில் ஏற்றினால், பழையதை விட்டுவிடாதே, இரண்டையும் இரண்டு இடத்தில் வை, வருடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கேள். பொறாமை வந்தால் அன்றைக்கு மட்டும் ரெக்கார்ட் பட்டன் பக்கமே போகாதே. உன் காலத்தில் எந்த டப்பாவில் வைப்பார்களோ, அதற்கும் ஒரு பல் இருக்கும், அதை உடைத்து வை.

உன் அப்பாவின் பெருந்தன்மையையும் இங்கே பதிவு செய்கிறேன். அக்கா கிளம்பும்போது அந்த கேசட்டை, என் வரலாற்று உரை உட்பட, டப்பாவில் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டேன். அத்தான் அவளுடைய பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தபோதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் அழுதார்கள், நான் அழவில்லை. அழித்தவன் அழக் கூடாது. அவள் அறை, அவள் மேஜை, சாலையைப் பார்க்கும் ஜன்னல், எல்லாம் எனக்குக் கிடைத்துவிட்டன. போட்டி முடிந்தது, நான் வென்றேன்.

சரி, சரி. இவ்வளவு தூரம் படித்தவனிடம் மறைப்பானேன். டப்பா மட்டும்தான் அந்த டப்பா. உள்ளே வைத்தது அம்மாவின் மராட்டி பஜனை கேசட். அக்காவின் குரலை அந்த மனிதர் வீட்டு அலமாரியில் வைக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். போய்ச் சேர்ந்ததும் அக்கா போன் செய்தாள். "ஐயோ, மாறிப் போச்சுக்கா, ஞாயித்துக்கிழமை கொண்டாறேன்" என்றேன். ஞாயிறு பஸ் ஏறிப் போனேன், தவறுதலாக ஆங்கில இலக்கண கேசட்டை எடுத்துப் போயிருந்தேன். அடுத்த ஞாயிறு ஒரு கந்தர் கவசம். அதற்கடுத்த ஞாயிறு டப்பாவுக்குள் ஒன்றுமே இல்லை. அத்தான் பரிதாபமாகப் பார்க்கிறார், நல்ல மனிதர்தான் போலிருக்கிறது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. உண்மையான கேசட் என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. தலையணை இன்னும் ஹாலில்தான் இருக்கிறது, அந்த அறைக்குள் ஒரு நாள்கூட என்னால் படுக்க முடியவில்லை.

போன ஞாயிறு கிளம்பும்போது அக்கா பஸ் வரும்வரை கூட நின்றாள். கேசட் எங்கே என்று அவள் கேட்கவில்லை. பஸ் நகர்ந்ததும் ஜன்னலோடு கூடவே நாலு எட்டு வேகமாக நடந்து வந்தாள், அந்தக் காலத்தில் கேரியரைப் பிடித்துக்கொண்டு வந்ததைப் போல.

"ஏல, அடுத்த வாரமும் தப்பான கேசட்டையே கொண்டு வா, என்ன?"